பானை வாயில் வைத்த ஸ்பீக்கர்

அறுபதுகளில் நானும் தரணேந்திரனும் செஞ்சிக் கடைத்தெருவில் ஒரு மாடி அறையில் தங்கிப் படித்தோம். அவன் மேல்சித்தாமூர்க்காரன். எங்கள் பழைய ரேடியோவின் ஸ்பீக்கர் கிழிந்துவிட்டதால், மலிவாக ஒன்று வாங்க ரிப்பேர் கடைக்குப் போனோம். அவன் பெட்டியோடு இருந்த சின்னதை எடுத்தான்.

"ரெண்டு பேருக்கு இது போதும்டா."

நான் கேட்கவில்லை. அதே விலைக்குப் பெட்டியில்லாத பெரியது ஒன்று கிடந்தது. "பானை வாயில வச்சிப் பாரு, தெருவே அதிரும்" என்றார் கடைக்காரர். அதையே வாங்கினேன். எங்கள் குடிதண்ணீர்ப் பானையைக் காலிசெய்து, அதன் வாயில் ஸ்பீக்கரை வைத்து, கீழ்க்கதவைத் தாழிட்டுவிட்டு, சாயங்காலம் முழுக்க அலறவிட்டேன்.

மறுநாள் காலை, அவன் அம்மா இறந்துவிட்டதாக ஊரிலிருந்து ஆள் வந்தது. நானும் கூடப் போனேன். அவன் அப்பா திணறித் திணறிப் பேசினார்.

"நேத்து சாயங்காலம், அம்மாவுக்கு ரொம்ப முடியலன்னு உன்னக் கூப்பிட வந்தேன்டா. பாட்டு கேக்குது, கதவத் தட்டறது உனக்குக் கேக்கல. அவள அப்படியே உட்டுட்டு எம்மா நேரம் நிக்கறது? விடியற வரைக்கும் உன்னத்தான் கேட்டுக்கினு இருந்தா."

"கேக்கல நைனா" என்றான் தரணேந்திரன். என் பெயரைச் சொல்லவில்லை.

காரியம் முடிந்து அறைக்குத் திரும்பியவன் ஸ்பீக்கரை எடுத்து ஓரமாக வைத்தான். பானையைக் கழுவி, எப்போதும்போல் துணியில் வடிகட்டித் தண்ணீர் நிரப்பினான். முதல் டம்ளரை என்னிடம் நீட்டினான்.

அன்று அவன் என்னைத் திட்டியிருந்தால், இத்தனை வருஷத்தில் நான் மறந்திருப்பேன்.