சகலை பரிசோதித்த பாசுந்தி

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு மெஷினைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன்.

மனிதர்களைப் பார்த்துப் பொறாமைப்படுவது எனக்குப் பழக்கம்தான். பக்கத்து ஃபிளாட்காரரின் பார்க்கிங், நண்பனின் தலைமுடி, யாரோ எழுதிய நல்ல வரி... ஆனால் மெஷின்? அதுவும் டிவி ரிமோட் அளவுக்கு, சட்டைப் பையில் அடங்குகிற ஒரு மெஷின்?

சரி, மறைப்பானேன். அதைச் செய்தவனைப் பார்த்தும்தான்.

அவன் என் சகலை, முரளி. என் மனைவி சுகந்தியின் தங்கையைக் கட்டியவன். கோயம்புத்தூர்க்காரன். இங்கே புனேயில், பாணேர் பக்கம் ஒரு சின்ன கம்பெனியில் பயோசென்சர் செய்கிறான். சாப்பாட்டிலும் தண்ணீரிலும் இருக்கிற கெட்ட பாக்டீரியாவை, அது கக்கிவிட்டுப் போன நஞ்சை, காபி ஆறுவதற்குள் கண்டுபிடித்துச் சொல்கிற கருவி. லேபில் வளர்த்துப் பார்த்தால் நாட்கணக்கில் ஆகிற வேலை அது.

நான் செய்வது உங்களுக்குத் தெரியும். வாரம் ஒரு பத்தி, எப்போதாவது கவிதை. மாமனார் வீட்டில் யாரும் அதைப் படிப்பதில்லை. என் மகளே தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். தலைப்பைத் தாண்டுவதற்குள் அவளுக்கு போன் வந்துவிடும்.

ஆனால் அந்த வீட்டில் எனக்கென்று ஒரு ராஜ்யம் இருந்தது — பாசுந்தி.

புனே வந்து நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான். அடி கனத்த பாத்திரத்தில் பாலை ஊற்றி, ஏடு படியப் படிய ஓரத்தில் ஒதுக்கி, பொழுதையும் சேர்த்துச் சுண்டவைப்பேன். வெள்ளை மெல்ல மெல்ல மாலை வெயிலின் நிறத்துக்கு வரும். வீட்டில் என்ன விசேஷம் என்றாலும் மூத்த மாப்பிள்ளையின் பாசுந்திதான். முதல் கிண்ணம் மாமாவுக்கு, என் கையால்.

மாமா ராணுவக் கணக்கு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சின்ன ஆபரேஷன்தான், ஆனால் இன்ஃபெக்‌ஷன் ஆகி, ஆஸ்பத்திரியில் ரொம்ப நாள் படுத்துவிட்டார். வீடு திரும்பியதைக் கொண்டாட, கேம்ப் பகுதியில் இருக்கும் அவர் வீட்டில் எல்லாரும் கூடினோம். “உடம்பு இன்னும் தேறல. வெளிச்சாப்பாடு வேண்டாம்” என்று டாக்டர் சொல்லியிருந்தார். வெளிச்சாப்பாடு எதற்கு? நான் இருக்கிறேனே! சனிக்கிழமை காலையிலேயே பாலை அடுப்பில் ஏற்றிவிட்டேன்.

மறுநாள் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு ஹடப்சரில் எங்கள் ஃபிளாட்டிலிருந்து ஆட்டோவில் போய் இறங்கினால்... ஹாலில் கூட்டம். நடுவில் முரளி. சுற்றிலும் பிள்ளைகள். சோபாவில் சாய்ந்திருந்த மாமாகூட எட்டி எட்டிப் பார்க்கிறார்.

“ஏம் மாப்ளே, இதுக்குள்ள என்னதான் இருக்கு?”

“சின்ன ஸ்ட்ரிப்புங்க மாமா. அதுல ஆன்டிபாடி தடவியிருக்கோம். ஒவ்வொண்ணும் ஒரே ஒரு நஞ்சுக்காகக் காத்துட்டு இருக்குமுங்க. கோடிப் பேரு பக்கத்துல போனாலும் தொடாது. அந்த ஒரு ஆளு வந்தா மட்டும் கையப் புடிச்சுக்கும். புடிச்சா கரன்ட் கொஞ்சம் மாறும். அத மெஷின் படிச்சுருமுங்க.”

எனக்குச் சுரீரென்றது. கோடிப் பேர் கடந்து போக, ஒரே ஒருவருக்காகக் காத்திருக்கும் கை... இது என் துறை அல்லவா? இப்படி ஒரு வரிக்காக நான் எத்தனை டீ குடித்திருக்கிறேன்! இவன் முறுக்கு கடித்துக்கொண்டே சொல்லிவிட்டான்.

“அரே வா!” என்று மாமா கை தட்டினார். ஒரு தடவை அவருக்கு என் கவிதை ஒன்றைப் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, “நல்லாத்தான் இருக்கு மாப்ளே... என்ன சொல்ல வாரீய?” என்றார்.

ஃபில்டர் தண்ணீர் — பச்சை விளக்கு. பிள்ளைகள் கத்தினார்கள். தேங்காய்ச் சட்னி — பச்சை. “நான் அரைச்ச சட்னில்லா!” என்று அத்தைக்கு முகமெல்லாம் பூரிப்பு. ஆளுக்கொரு சர்ட்டிபிகேட் கிடைத்துக்கொண்டிருந்தது.

என்னை யாரும் கேட்கவில்லை. நானேதான் சொன்னேன்.

“முரளி, என் பாசுந்தியையும் பாரேன்.”

ஏன் சொன்னேன்? அவனுடைய மெஷினே, அத்தனை பேர் முன்னால், என்னைப் பாராட்ட வேண்டும்! வேறென்ன?

“வேண்டாமுங்ணா... விசேஷத்துக்கு வந்த எடத்துல...” என்று இழுத்தான்.

“ஏன், பயமா?”

ஒரு ஸ்பூன் எடுத்து, ஏதோ திரவத்தில் கலக்கி, ஸ்ட்ரிப்பில் சொட்டு விட்டான். காத்திருந்தோம்.

சிவப்பு.

புது ஸ்ட்ரிப் மாற்றி மறுபடி பார்த்தான். மறுபடியும் சிவப்பு.

“அப்பா... ஃபெயில்!” என்றாள் என் மகள். சுகந்தி அவளை முறைத்தாள். அப்புறம் என்னையும்.

“அதுக்கென்ன, இன்னொரு கொதி விட்டாப் போச்சு” என்றேன்.

“பாக்டீரியா செத்துருமுங்ணா. அது விட்ட நஞ்சு போகாது. கொதிச்சாலும் அப்படியே நிக்கும்.”

பாருங்கள், இன்னொரு வரி! அடப்பாவி.

“உன் மெஷின் தப்பே சொல்லாதோ?”

“சொல்லுமுங்ணா. இன்னும் ட்ரையல்லதான் இருக்கு. லேப்ல வேற முறையில பாத்தாத்தான் உறுதி. கொஞ்சம் எடுத்துட்டுப் போறேன். ஆனா... மாமாவுக்கு இன்னிக்கு இதைக் குடுக்க வேண்டாமுங்ணா.”

சொல்லும்போதே அவன் பார்வை என் விரலில் ஒரு கணம் நின்றது. பிளாஸ்திரி. சனிக்கிழமை பிஸ்தா நறுக்கும்போது வெட்டிக்கொண்டது. அதே கையால்தான் ஆறிய பாசுந்தியின் மேல் பிஸ்தாவைத் தூவினேன். மதியம் முழுக்கக் கரன்ட் இல்லை; வந்ததுமே சுகந்தி எல்லாரிடமும் அதைச் சொல்லிப் புலம்பியிருந்தாள். ஃபிரிட்ஜ் செத்துக் கிடந்தது. அப்புறம் மே மாத வெயிலில் ஆட்டோ...

காயத்துக் கிருமி பாலில் இறங்கிப் பெருக வேறென்ன வேண்டும்? அவனுக்குப் புரிந்துவிட்டது. எனக்கும்.

அவன் அத்தையின் பக்கம் திரும்பினான். “இந்த வெயிலுக்குப் பால் தாங்காதுங்க அத்தை. கரன்ட் வேற இல்லையாம். அண்ணா பாவம், என்ன பண்ணுவாரு?”

“அந்த ஹடப்சர் கரன்ட்டு ஒரு சனியம்லா!” என்றார் அத்தை.

விரலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இதை எப்படி மன்னிப்பது, சொல்லுங்கள்? கொஞ்சம் திமிராக நடந்துகொண்டிருந்தால் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்!

அன்று முதல் கிண்ணம் இல்லை. மாமாவுக்கு ஒரு வாழைப்பழம். உரித்துக் கொடுத்தது முரளி.

எல்லாரும் சாப்பிட உட்கார்ந்ததும் நான் அடுக்களைக்குள் போனேன். பாத்திரத்தைத் திறந்தேன். புளிப்பு இல்லை, கெட்ட வாடை இல்லை. ஏலக்காய் மணம். ஏடு ஏடாக, என் வாழ்நாளின் மிகச் சிறந்த பாசுந்தி. ஒரு கிண்ணம் சாப்பிட்டுவிட்டு, நாளைக்குக் கல்லு மாதிரி எல்லார் முன்னாலும் நின்றால் என்ன? முடிந்தது மெஷினின் கதை.

ஸ்பூனில் எடுத்தேன். வாய்வரை கொண்டுபோனேன்.

கை அதற்கு மேல் வரவில்லை.

அந்த மெஷின் பொய் சொல்ல வேண்டும் என்று அந்த வீட்டிலேயே அதிகம் ஆசைப்பட்டவன் நான். அதை முழுசாக நம்பியவனும் நானாகத்தான் இருந்தேன். ஹாலில் மாமா எதற்கோ சிரிக்கும் சத்தம் கேட்டது. நான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ளாமல் இருந்திருந்தால், இந்த ஸ்பூன் இந்நேரம் அவர் வாயில் இருந்திருக்கும். என் கையால். சிரித்துக்கொண்டே ஊட்டியிருப்பேன்.

பாசுந்தியை சிங்க்கில் ஊற்றினேன். கெட்டியானது... இறங்க மனமில்லாமல் இறங்கியது.

சில நாள் கழித்து முரளியிடமிருந்து வாட்ஸ்அப். குடும்ப குரூப்பில் இல்லை, எனக்கு மட்டும். “லேப்லயும் அதேதான் வந்திருக்குங்ணா. விரல் ஆறிடுச்சுங்களா?”

என்ன பதில் போடுவது? எழுத்துதானே என் தொழில்? ‘நன்றி’ என்று தட்டினேன், அழித்தேன். விரலின் படம் அனுப்பலாமா என்று பார்த்தேன், அசிங்கமாக இருந்தது. கடைசியில், “அடுத்த தடவை மாமாவுக்கு முதல் கிண்ணம் கொடுக்கும் முன்னால், நீ பார்த்துச் சொல்லிவிடு” என்று அனுப்பினேன். ஒரே ஒரு வரி. எழுதி முடிக்க ஒரு பகல் ஆனது.

“கண்டிப்பாங்ணா!” — அவன் பதில் அடுத்த நொடியே வந்துவிட்டது.

அந்த வேகமும் எனக்குப் பிடிக்கவில்லை.