பதினொரு வருடம் நண்டு உடைத்த புஸ்பராணி அக்கா

செவ்வாய்க்கிழமை மதிய இடைவேளையில் தொலைபேசி வந்தது. "அன்ரி, அம்மா போயிட்டா," என்றாள் சுகந்தி. புஸ்பராணி அக்காவின் ஒரே மகள். நெஞ்சுவலி, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டதாம். அவர் போட்ட வழக்கு இன்னும் முடியவில்லை.

துறைமுகத்துக்குப் பக்கத்தில், ஏற்றுமதிக்கு நண்டுச் சதை எடுக்கும் தொழிற்சாலையில் அக்காவும் நானும் எதிரெதிர் மேசைகள். குச்சவெளியிலிருந்து முதல் பஸ்ஸில் வருவார். ஐஸ் தண்ணீரில் என் விரல்கள் விறைத்தால் தன் தேநீர்க் கோப்பையை நீட்டுவார். "குடிக்கிறது பிறகு. முதல்ல பிடி," என்பார்.

சட்டப்படி தரவேண்டிய சம்பளத்தை எங்களுக்கு ஒருநாளும் தந்ததில்லை. எல்லோருக்கும் தெரியும், கேட்டவர் அக்கா மட்டும். மனேச்சரின் கதிரைக்கு முன்னால் நின்று, "சட்டத்தில இருக்கிறதைத்தான் கேக்கிறன்," என்றார். மறுநாள் வாசலில் அவரை உள்ளே விடவில்லை. காரணம் எழுதி ஒரு துண்டுக் கடதாசிகூடக் கொடுக்கவில்லை. நாங்கள் தலையைக் குனிந்துகொண்டு நண்டு உடைத்தோம். அதை நினைக்க இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

இழப்பீடு கேட்டு அக்கா தொழில் நியாய சபைக்குப் போனார். அங்கே கம்பனி சொன்ன பதில் இது. புஸ்பராணி என்று ஓர் ஊழியரே தங்களிடம் இருக்கவில்லையாம். வேலை இருந்த நாட்களில் வந்துபோன கூலியாம். அவர் தினமும் வேலைக்கு வந்து கையெழுத்து வைத்த வரவுப் புத்தகமும் காணாமல் போய்விட்டதாம். எத்தனை துணிச்சல். ஒவ்வொரு வழக்குத் தவணையிலும் இதே கதைதான். ஒருமுறை வெளியே வந்து அக்கா சொன்னார்: "காசு பிறகு வரட்டும் பிள்ளை. நான் அங்க வேலை செய்தனான் எண்டு அவங்கட வாயால வரவேணும்."

நேற்று இறுதிக் கிரியைக்கென்று குச்சவெளிச் சந்தியில் இறங்கியதும் அதைக் கண்டேன். வேலைசெய்தவர் யார் செத்தாலும் அவர் ஊரில் அஞ்சலிப் பதாகை கட்டுவது கம்பனியின் வழக்கம். அலுவலகத்தில் யாரோ பழக்கதோஷத்தில் அடிக்கக் கொடுத்திருக்கிறார்கள். வேலைத் தொப்பியோடு அக்காவின் படம். கம்பனிக் கோப்பில் இருந்த படம். பெரிய எழுத்தில், "எமது நிறுவனத்தில் பதினொரு வருடங்கள் அர்ப்பணிப்புடன் பணியாற்றிய ஊழியர்." கீழே, "முகாமைத்துவமும் சக ஊழியர்களும்." என்னை ஒருவரும் கேட்கவில்லை.

வந்த ஆத்திரத்தில் கிழிக்கப் போனேன். சந்திக்குப் பக்கத்து வீட்டிலிருந்து சுகந்தி ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

"கிழிக்காதேங்கோ அன்ரி. அம்மாட வழக்கை நான் நடத்தப்போறன். இது அடுத்த தவணைக்கு வேணும்."

இருவருமாகக் கயிறுகளை அவிழ்த்தோம். அக்காவின் முகத்தில் மடிப்பு விழாமல் சுருட்டினோம்.

போய்வாருங்கள் அக்கா. அவர்கள் வாயாலேயே வந்துவிட்டது. எதிர் மேசையில் இருந்தவளும் இந்தமுறை சாட்சி சொல்ல வருகிறாள்.