தொட்டிக்குள் எரிந்த மெழுகுதிரி

எங்கள் வேலையில் ஒரு கட்டளை உண்டு. முதியவர் வீட்டைவிட்டு நாங்கள் வெளிக்கிடும்போது அடுப்பும் எரியக்கூடாது, மெழுகுதிரியும் எரியக்கூடாது. ஒஸ்லோவில் வீடு வீடாகப் போய் வயதானவர்களுக்குச் சாப்பாடும் மருந்தும் கொடுப்பது என் வேலை. இத்தனை வருடத்தில் அந்தக் கட்டளையை நான் மீறியது ஒரே ஒரு நாள்.

அவர் ஒரு யூதப் பெண்மணி. தொண்ணூறு தாண்டியவர், தனியாக இருந்தார். இந்த நாட்டில் எல்லாரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடவேண்டும். எனக்கு அது வாயில் வராது. ஒருநாள் தமிழிலேயே "அம்மா" என்று கூப்பிட்டுவிட்டேன். அர்த்தம் கேட்டுச் சிரித்தார்.

"எனக்கே இரண்டு அம்மா. அதுக்குள்ளை நீர் என்னையும் அம்மாவாக்கப் பாக்கிறீரோ?"

அவர் பேசியது நொர்வேஜிய மொழி. என் காதில் அது எங்கட தமிழாகத்தான் இருக்கிறது.

அன்று கார்த்திகை விளக்கீடு கழிந்து மூன்று நாலு நாள் இருக்கும். காலையில் போனபோது அவர் நித்திரை. குசினி மேசையில், யன்னல் சீலைக்குப் பக்கத்திலே, சின்னக் கண்ணாடிக் குவளைக்குள் ஒரு மெழுகுதிரி எரிந்துகொண்டிருந்தது. பதறிப்போனேன். விளக்கை வாயால் ஊதுவது எங்களுக்குப் பாவம். யன்னலோரச் சாடியில் ஒரு பூவைக் கிள்ளி, "சிவசிவா" என்று சொல்லித் திரியை அமர்த்தினேன். நல்ல காரியம் செய்த நினைப்போடு அவரின் காலைச் சாப்பாட்டுக்குப் பாணை வாட்டினேன்.

அவர் நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். மெழுகில் பூ ஒட்டியிருந்ததைப் பார்த்தார்.

"ஆர் இதை நூத்தது?"

"நான்தான் அம்மா. தீப்பிடிச்சாலும் எண்டு..."

கோபிக்கவில்லை. கதிரையில் இருந்துவிட்டார். "நேற்றுப் பொழுதுபட, பன்னிரண்டு நெருப்புக்குச்சி முறிச்சு ஏத்தினனான். இண்டைக்குப் பொழுதுபடுமட்டும் எரியவேணும். வருஷத்திலை அவவுக்கு இந்த ஒரு நாள்தான்."

"ஆருக்கு?"

"மற்ற அம்மாவுக்கு."

போருக்கு முன்னர், வியன்னாவில் யூதர்களைத் துரத்தத் தொடங்கியபோது, பெற்ற தாய் இவரை ஏழு வயதில் தனியே ரயிலேற்றிவிட்டாராம். ஒஸ்லோவில் அப்போது யூதர்கள் கொஞ்சப் பேர்தான். அவர்களிலும் பலர் வேறு நாடுகளில் அடிபட்டு வந்து, சாமான் சுமந்து விற்றுப் பிழைத்தவர்கள். அந்த வீடுகளின் பெண்கள், ரயிலில் வரும் பிள்ளைகளுக்காகக் கதவு கதவாகத் தட்டி, "எத்தினை கட்டில் தருவியள்?" என்று கேட்டிருக்கிறார்கள். ஒரு தையல்காரப் பெண்ணிடம் இருந்ததே ஓர் அறையும் ஒரு கட்டிலும். பிள்ளையில்லை. "ஒண்டு" என்று சொல்லிவிட்டார். கட்டில் வந்த பிள்ளைக்கு. அவரும் புருசனும் குசினித் தரையில்.

"முதல் நாளே கட்டிலை நனைச்சுப்போட்டன். அவ மெத்தையைத் திருப்பிப் போட்டிட்டு, 'உங்கட ஊர் ஆறும் உன்னோடை வந்திட்டுதோ' எண்டு சிரிச்சவ."

பிறகு ஜெர்மன்காரர் இங்கேயும் வந்தார்கள். தையல்காரியின் புருசனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். சுவீடனுக்குக் களவாக ஆட்களை ஏற்றிய லொறியில் இரண்டு பேருக்கு இடம் இருந்ததாம். பிள்ளையை ஏற்றிவிட்டு, "அவர் விடுபட்டு வரேக்கை வீடு பூட்டிக் கிடக்கக்கூடாது" என்று அந்தப் பெண் நின்றுவிட்டார். கொஞ்ச நாளில் அவரையும் வதைமுகாமுக்குக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார்கள். திரும்பவில்லை. இறந்த நாள் தெரியாததால் கப்பலேறிய நாளைத்தான் இவர் நினைவுநாளாக வைத்திருந்தார். எங்கள் திதியைப் போலச் சந்திரக் கணக்கில் வரும் நாள்.

"எனக்குப் பிறகு அவவுக்கு ஏத்த ஒருத்தருமில்லை," என்றார், மழை வருகிறது என்பதுபோல.

மெழுகிலிருந்து பூவை எடுத்துவிட்டு மறுபடி ஏற்றினேன். ஆனால் நான் அடுத்த வீட்டுக்குப் போகவேணுமே. பாத்திரம் கழுவும் எவர்சில்வர் தொட்டியைக் காட்டினார். அதற்குள் வைத்தால் விழுந்தாலும் தீப்பிடிக்காது.

"எச்சில் கோப்பை கழுவிற இடமெல்லோ அம்மா?"

"ஏன், கடவுளுக்குக் குசினி தெரியாதோ? அவ படுத்ததும் குசினியிலைதான்."

தொட்டியை மூன்று தரம் கழுவித் துடைத்து, குவளையை உள்ளே வைத்து, எரியவிட்டுக் கதவைச் சாத்தினேன். மூன்று மணிக்கு வேலை முடிந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தேன். வெளியே இருண்டுகொண்டு வந்தது. திரி எரிந்துகொண்டுதான் இருந்தது. அவர் தொட்டிக்கு முன்னால் கதிரையைப் போட்டுக்கொண்டு நித்திரையாகிவிட்டார்.

பனி கரையத் தொடங்கிய நாட்களில் அவர் போய்விட்டார். வேலைப் பட்டியலில் அவர் வீடு இருந்த இடத்தில் வேறொரு முகவரி வந்தது.

இந்த முறையும் விளக்கீடு வந்தது. எங்கள் வீட்டில் மண் சுட்டி விளக்குகள் வைத்தோம். நாலாம் நாள் பொழுதுபட, என் குசினித் தொட்டியை மினுக்கிக் குவளையில் ஒரு மெழுகுதிரி ஏற்றினேன். என் கணவர் எட்டிப் பார்த்தார்.

"சாமியறை கிடக்க, உமக்கு இப்ப தொட்டிக்குள்ளையோ கோயில்?"

"ஒரு அம்மாவின்ரை திதி."

"ஆரின்ரை அம்மா? பேரைச் சொல்லி ஏத்தும், அப்பத்தானே போய்ச் சேரும்."

அப்போதுதான் உறைத்தது. அந்தக் கட்டிலைப் பற்றியெல்லாம் கேட்டவள், பெயரை மட்டும் கேட்கவில்லை. அவருக்கு அவ மற்ற அம்மா. எனக்கும் அதுவே போதும் என்று இருந்துவிட்டேன். கேட்டிருந்தால் எவ்வளவு ஆசையாகச் சொல்லியிருப்பார்.

தேவாரம் பாடத் தொடங்கினேன். இரண்டாம் வரியோடு நிறுத்திவிட்டேன். "அப்பனே, அவவின்ரை பேர் உனக்குத் தெரியும்" என்று மட்டும் சொன்னேன். கணவர் வந்து யன்னல் சீலையை ஒதுக்கிக் கட்டிவிட்டார்.

அடுத்த நாள் பொழுதுபடும்வரை, கோப்பைகளைக் குளியலறையில் கொண்டுபோய்க் கழுவினோம்.