கல்லீரலில் தழும்பு

துளசி மணிகள் சிமெண்ட் தரையில் சிதறிய சத்தம் இன்றும் என் காதில் இருக்கிறது. மணிகளோடு என் வீட்டுக்காரரின் ரத்தமும் விழுந்தது. மாலையை அறுத்தவர் என் பெரிய அண்ணன். கார்த்திகை முதல் நாள் ஐயப்பனுக்கு அந்த மாலையைப் போட்டுவிட்ட குருசாமியும் அவரேதான்.

ரெண்டாயிரத்துச் சொச்சத்தில் கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் குடியிருந்தோம். வீட்டுக்காரருக்கு இரும்பாலையில், உலை வாயில் வேலை. அந்தச் சூட்டிலிருந்து வெளியே வருகிறவர்கள் நேரே ஒயின் ஷாப்புக்குப் போவார்கள். இவர் போனதில்லை. ஓயாத அசதி என்று சென்னை பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினோம். காமாலைக் கிருமி பல வருஷமாக ரத்தத்தில் இருக்கிறது என்றார் டாக்டரம்மா. முன்பெல்லாம் விலாவில் ஊசி இறக்கிச் சதை எடுத்துப் பார்ப்பார்களாம். இப்போது ரத்தத்தில் சில அளவுகளைச் சேர்த்துக் கணக்குப் போட்டே கல்லீரல் தழும்பேறியதை ஓரளவு சொல்லிவிடலாமாம். தழும்பு இருக்கிறது என்றது கணக்கு.

அன்று சாயங்காலம் எளாவூரிலிருந்து அண்ணன் வந்து விசாரித்தார். கல்லீரலில் தழும்பாம் என்றார் இவர். எங்கள் பக்கம் கல்லீரல் கெட்டதென்றால் குடி, வேறு அர்த்தமே கிடையாது. கிருமி என்று சொல்ல வாய் திறப்பதற்குள் முஷ்டி இறங்கியது.

"மாலைய போட்டுக்கினே குடிக்கிறியாடா?"

பல் உடைந்தது. அண்ணன் இவர் தலையைப் பிடித்துச் சுவரில் மோதினார். குறுக்கே விழுந்த என்னையும் இழுத்துத் தள்ளினார். பல் கிழித்து அண்ணன் கையிலும் ரத்தம் ஒழுகியது. இவர் திருப்பிக் கை ஓங்கவில்லை.

மறுநாள் வாயைக் காட்டப் போனபோது, அடித்தவர் கையில் காயம் உண்டா என்று கேட்டார் டாக்டரம்மா. ரத்தத்தோடு ரத்தம் பட்டால் ஒட்டிக்கொள்ளும், உடனே ஊசி போட்டால் தடுக்கலாம் என்றார். திரும்பும்போது இவர் எளாவூருக்கு டிக்கெட் எடுத்தார். செய்தவருக்குக் கடவுள் கூலி கொடுக்கட்டும், விட்டுவிடுங்கள் என்று அழுதேன். "அவரும் சாமிதானே" என்றார்.

எங்களைக் கண்டதும் அண்ணன் விறகுக் கட்டையைத் தூக்கினார். இவர் நகரவில்லை. மாலையில்லாத கழுத்தும் வீங்கிய வாயுமாகச் சொன்னார்:

"குடிச்சி வர்ற நோவு அடிச்சவன் கையில ஒட்டாது சாமி. இது கிருமி. சட்டைய மாட்டினு கெளம்பு, உனுக்கு ஊசி போடணும்."

கட்டை கீழே இறங்க ரொம்ப நேரமானது.

அன்றே ஊசி போட்டோம்; சாமி புண்ணியத்தில் அண்ணனுக்கு ஒட்டவில்லை. இவர் இன்றும் மாத்திரை சாப்பிடுகிறார். தழும்பு கூடியிருக்கிறதா என்று பார்க்க ரத்தம் கொடுக்கப் போகும்போதெல்லாம் அழைத்துப் போவது அண்ணன்தான். ஊசி ஏறி ரத்தம் வரும்போது மட்டும் அண்ணன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வார்.