மூடி போட்டுவிட்டுப் போகும் எலி

எங்கள் வீட்டு எலி அரிசி டின்னைத் திறந்து, வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, மறுபடியும் மூடி போட்டுவிட்டுப் போகிறது என்று மூன்று வாரம் முழுமனதாக நம்பியவன் நான். அப்போது எனக்கு வயது நாற்பத்தொன்பது.

தொழிலைச் சொன்னால் இன்னும் சிரிப்பீர்கள். லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் சூப்பர்வைசர். பெங்களூரில் எங்காவது யாராவது லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டால், போனில் அவர்களுக்குக் கேட்பது என் குரல்தான். “பயப்படாதீங்க, காத்து வரும், ஆள் கிளம்பியாச்சு, நிதானமா இருங்க.” இப்படி ஊருக்கெல்லாம் நிதானத்தைக் கொடுத்துவிட்டு, எனக்கென்று ஒரு சொட்டும் மிச்சம் வைத்துக்கொள்ளாதவன். நாங்கள் குடியிருப்பது லிங்கராஜபுரத்தில், மூன்றாவது மாடியில். கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது.

மனைவி பள்ளிக்கூட ஆசிரியை, ஏழு மணிக்கே கிளம்பிவிடுவாள். காலையில் சோறு வைப்பது என் வேலை. அதனால் அரிசி குறைவதை முதலில் பார்த்ததும் நான்தான். மாதம் முழுக்க வரவேண்டிய அரிசி இருபது நாளில் தரை தட்டியது. சமையலறை வாசலில் நாலு அரிசி மணி, மகளின் படிப்பு மேஜையில் நாலு மணி, அவள் ஸ்கூல் பையின் அடியில் ஒரு பிடி. எலி பைக்குள் குடித்தனம் வைத்திருக்கிறது என்று முடிவு செய்து, பையை மொட்டை மாடிக்குக் கொண்டுபோய் உதறு உதறு என்று உதறினேன். ஒரு ஜாமெட்ரி பாக்ஸ்தான் உடைந்தது.

எலிப்பொறி வாங்கி, அதில் மசால்வடை வைத்தேன். மூன்று நாள் வடை காய்ந்தது. எண்ணெய்ப் பலகாரம் ஒத்துக்கொள்ளாத எலி போலிருக்கிறது. அப்புறம் சைட்டில் கிடந்த ஐந்து கிலோ இரும்புக் கட்டி ஒன்றைக் கொண்டுவந்து மூடியின் மேல் வைத்தேன். மறுநாள் அரிசி குறைந்திருந்தது. கட்டி வைத்த இடத்திலேயே இருந்தது. கொஞ்சம் மரியாதையே வந்துவிட்டது எனக்கு. மனிதனாகப் பிறந்திருந்தால் எங்கள் கம்பெனியிலேயே சேர்த்துவிட்டிருப்பேன்.

இதே மூன்று வாரத்தில் வீட்டில் இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. மகளுக்குப் பதினாலு வயது, ஒன்பதாவது படிக்கிறாள். த்ரோபால் என்றால் உயிர். பள்ளி அணியிலிருந்து அவளை எடுத்து ஓரமாக உட்காரவைத்துவிட்டார்கள். பத்து நிமிஷம் ஆடினால் உட்கார்ந்துவிடுகிறாளாம். நாலு மாதத்தில் பள்ளிகளுக்கு இடையிலான போட்டி, அதற்குள் தேறினால் சேர்த்துக்கொள்வோம் என்று சொல்லியிருந்தார்கள். மாடி ஏறும்போதும் இரண்டாவது மாடியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். நான் சும்மா இருப்பேனா?

“என்னம்மா, ரெண்டாவது ஃப்ளோர்ல மாட்டிக்கிச்சா? கம்ப்ளைன்ட் எழுதிக்கட்டுமா?”

முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பதை நிறுத்திவிட்டாள். எல்லாம் போன் பார்க்கிற சோம்பல் என்று நானாகத் தீர்ப்பு எழுதிக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை காலை, மனைவிக்குப் பள்ளி உண்டு, மகளுக்கு லீவு. எலி கீழிருந்துதான் வருகிறது என்று சண்டை பிடிக்கத் தரைத்தளத்துக்கு இறங்கினேன். அங்கே குடியிருக்கும் பெண் ஏழு மாதக் கர்ப்பிணி. அவளைப் பார்க்க ஆஷா அக்கா வந்திருந்தார். கர்ப்பிணிகள், குழந்தைகள் உள்ள வீடுகளுக்குப் போய் உடம்பை விசாரிக்கும் அரசாங்க ஊழியர். ரோஸ் கலர் புடவை, மடியில் பெரிய நோட்டு, பேச்சில் கொஞ்சம் கன்னட வாசனை.

“வெறும் அரிசி, சாம்பல், பல்பம், ஐஸு, எதுனா திங்கணும் போல இருக்கா?” என்று அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

“நாலாவது மாசத்துல சாக்பீஸ் தின்னேங்க்கா. நீங்க குடுத்த மாத்திரை போட ஆரம்பிச்சேன், அந்த ஆசையே போயிடுச்சு.”

இரண்டு காதாலும் இதைக் கேட்டேன். ஆனால் தலை முழுக்க எலி. இடம் கிடைத்ததும் என் புகாரைக் கொட்டினேன்.

அக்கா பேனாவைக் கீழே வைத்தார். “மூடி போட்டுட்டா போகுது?”

“ஆமா.”

“இரும்பையுமா தூக்கி வெச்சிட்டுப் போகுது?”

“அதே இடத்துல.”

“புழுக்கை எங்கனா கிடந்துச்சா சார்?”

“இல்ல. ரொம்ப சுத்தமான எலி.”

கர்ப்பிணிப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். “அய்யோ அண்ணா, சிரிக்க வெக்காதீங்க, உள்ள உதைக்குது!”

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. “உங்க வீட்டுல பொண்ணு இருக்குதில்ல? எத்தினி வயசு?”

“பதினாலு. அவளுக்கு எலின்னா பயமே இல்ல.”

“மாடி ஏறினா மூச்சு வாங்குதா?”

நான் அடித்த லிஃப்ட் ஜோக்குகள் ஒவ்வொன்றாக வந்து என் முகத்தில் விழுந்தன.

“மாசாமாசம் எத்தினி நாள் போகுது? ரொம்ப போகுதா?”

இருநூறு லிஃப்டின் சர்வீஸ் தேதி எனக்கு மனப்பாடம். இதற்கு மட்டும், “வீட்டுல கேட்டுச் சொல்றேன்” என்றேன்.

“கேளுங்க. அப்பாவுக்கும் தெரிஞ்சிருக்கணும். சும்னே வெக்கப்படாதீங்க. ரத்தம் கம்மியா இருந்தா இப்டி அரிசி திங்கத் தோணும் சார். இன்னிக்கே கூட்டிட்டு வாங்க, டெஸ்ட் பண்ணிடலாம்.”

மூன்று மாடியை மூன்று மூச்சில் ஏறினேன். மகள் மேஜை முன்னால் இருந்தாள், ஒரு கை மூடியிருந்தது. அவளாகவே விரித்தாள். ஒரு பிடி அரிசி.

“நிறுத்தணும்னுதாம்பா பார்த்தேன். முடியல.”

“பொறி வெச்சப்பவே சொல்லியிருக்கலாம்ல?”

“நீ ரொம்ப குஷியா இருந்தே. அதான் சொல்லல.” அரிசியை மேஜை மேல் கொட்டிவிட்டுச் சொன்னாள்: “அந்த இரும்பைத் தூக்கி வெக்கறதுக்குள்ளதான் கண்ணு இருட்டிக்கிட்டு வரும்.”

ஐந்து கிலோ இரும்பு டின் மேல் இருந்தது. அவள் ரத்தத்துக்குள் இருக்கவேண்டிய இரும்புதான் இல்லை.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவள் விரலில் ஊசி குத்தினார்கள். உட்கார நாற்காலி கேட்டது நான். ஹீமோகுளோபின் எட்டரை என்றார்கள். “எட்டரையா? நூத்துக்கா?” என்று கேட்டுவிட்டு வெளியே ஓடி, நான்கு நண்பர்களுக்குப் போன் போட்டு என்ன ரத்த குரூப் என்று விசாரித்தேன். ஒருவன் பாதித் தாடி மழித்த கோலத்திலேயே பைக்கை எடுத்துவிட்டான். பள்ளியிலிருந்து நேராக வந்து சேர்ந்த மனைவி என் போனைப் பிடுங்கினாள்.

“ஏங்க, மாட்டிக்கிட்டவங்ககிட்ட நிதானமா பேசுவீங்களே, அதை ஒருதடவை ரெக்கார்ட் பண்ணி நீங்களே கேளுங்க.”

பன்னிரண்டாவது இருக்கவேண்டும், ஆனால் எட்டரைக்கெல்லாம் ரத்தம் ஏற்றவேண்டிய அவசியமே இல்லை என்றார் டாக்டரம்மா. தினமும் ஒரு இரும்புச் சத்து மாத்திரை, பூச்சிக்கு ஒரு மாத்திரை. மாதவிலக்கு எட்டு நாள் நீடிக்கிறது என்று மகளே சொன்னாள். அதற்கும் தனியாகப் பார்த்து மருந்து எழுதினார். “ஸ்கூல்ல திங்கட்கிழமை ரத்தம் ஊற நீல மாத்திரை குடுப்பாங்களே, போடறதில்லையா?” என்று கேட்டார். மகள் உண்மையைச் சொன்னாள். வயிறு வலிக்கும் என்று யாரோ சொன்னதால், இவளும் தோழிகளும் அதை வராந்தா குரோட்டன்ஸ் தொட்டியில் புதைத்து வந்திருக்கிறார்கள். அந்தச் செடியை நான் பார்த்திருக்கிறேன், நல்ல தெம்பாகத்தான் இருந்தது.

மாத்திரையைச் சாப்பிட்டபின் போடவேண்டும், எலுமிச்சை ஜூஸோடு என்றால் இன்னும் நல்லது, காபி, டீ, பால் அதோடு சேரக்கூடாது, மலம் கருப்பாகப் போகும், பயப்பட வேண்டாம் என்றார். கடைசி விஷயத்தை நான் கவனிக்கவில்லை. நான்காம் நாள் காலை ஏழு மணிக்கு ஆஷா அக்காவுக்குப் பதறிப் போன் செய்தேன். “சார், அது மாத்திரைனால. பொண்ணு நல்லா இருக்குது. நீங்க கொஞ்சம் தண்ணி குடிங்க.”

முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், ராகி முத்தே என்கிற கேழ்வரகுக் களி, சுண்டல் எல்லாவற்றையும் ஒரே நாளில் ஊட்டப் பார்த்து மகளிடம் திட்டு வாங்கினேன். சாப்பாட்டுக்குப் பின் காபி கிடையாது என்று மனைவி போட்ட தடை, ஏனோ என்னையும் சேர்த்துத்தான். ஐந்தாவது வாரத்தில் மேஜை மேல் அரிசி மணி விழுவது நின்றது. எலிப்பொறியைக் கேட்டுத் தரைத்தளப் பெண் மேலே ஆள் அனுப்பினாள். அங்கே உண்மையிலேயே எலி இருந்தது.

மூன்று மாதம் கழித்து மறுபடி விரலில் குத்தியபோது பதினொன்றரை. இன்னும் மூன்று மாதம் மாத்திரையைத் தொடரச் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து மாடி ஏறியபோது இரண்டாவது மாடியில் நின்றது நான்தான். மேலேயிருந்து குரல் வந்தது: “என்னப்பா, கம்ப்ளைன்ட் எழுதிக்கட்டுமா?”

அந்த மாதக் கடைசியில் போட்டி நடந்தது. மகளை அணியில் சேர்த்திருந்தார்கள். முதல் சுற்றிலேயே தோற்றுவிட்டார்கள். ஆட்டம் முழுக்க அவள் ஆடினாள், ஒரு தடவைகூட உட்காரவில்லை.