நாரைக்குத் தளம் போட்டவள்

அவளுக்கு ரசமட்டம் என்று பட்டப்பெயர் வைத்தவர் அவளோடு வேலை பார்க்கும் பிளம்பர். சுவரும் தரையும் நேராக இருக்கின்றனவா என்று பார்க்க, நடுவில் காற்றுக்குமிழி ஓடும் கட்டை ஒன்றை வைப்பார்களே, அதுதான் ரசமட்டம். அவளுக்கு அந்தக் கட்டையே தேவையில்லை. அறைக்குள் நுழைந்து ஒரு பார்வை பார்த்தால் போதும், எந்த மூலை தாழ்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவாள். கட்டையை வைத்துப் பார்த்தால் அந்த மூலை தாழ்ந்துதான் இருக்கும். டீக்கடையில்கூட மேஜைக் காலுக்கு அடியில் மடித்த காகிதம் வைக்காமல் உட்காரமாட்டாள்.

இருபத்திரண்டு வருடமாக அவள் டைல்ஸ் ஒட்டுகிறாள். அதற்கு முன் நாலு வருடம் கலவைச் சட்டி தூக்கியவள்தான். ஒருநாள் மேஸ்திரி வரவில்லை. வீட்டுக்காரர் அவசரப்படுத்தினார். அவள் யாரையும் கேட்காமல் ஒரு சுவரை ஒட்டி முடித்துவிட்டாள். மறுநாள் வந்த மேஸ்திரி விரல் மடக்கி ஒவ்வொரு டைல்ஸாகத் தட்டிப் பார்த்தார். ஒன்றாவது உள்ளே பொள்ளலாக இருந்து டொக்கென்று சத்தம் தராதா என்று காதை வைத்துக் கேட்டார். தரவில்லை. அன்றோடு சட்டி தூக்கும் வேலை முடிந்தது.

அதன்பிறகு அவள் கட்டிய குளியலறைகளுக்குக் கணக்கில்லை. ஆனால் ஒன்றில்கூட அவள் குளித்ததில்லை. ஒரு வீட்டில் பதினோரு நாள் முழங்காலிட்டு வேலை செய்து முடித்த அன்று, கை கழுவிக்கொள்ளலாமா என்று கேட்டாள். அந்த வீட்டு அம்மா புது வாஷ்பேசினைப் பார்த்தார், அவள் கையைப் பார்த்தார், தெருமுனை பெட்ரோல் பங்கில் குழாய் இருக்கிறது என்றார். அவள் சண்டை போடவில்லை. மீந்துபோன நாலு நீல டைல்ஸைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். தன் கைவேலையை நினைத்தபோது பார்க்கவேண்டும், அதற்கு நடுவில் எவருடைய கதவும் இருக்கக்கூடாது என்ற எண்ணம் அன்றைக்குத்தான் விழுந்தது.

அப்பா விட்டுப்போன வீட்டில் முன்பகுதி அண்ணனுக்கு, பின்னால் இருந்த இரண்டு அறை அவளுக்கு, கொல்லைப்புறம் இருவருக்கும் பாதிப் பாதி. வாஷிங் மெஷின் பழுது பார்க்கிற அண்ணன் தன் வேனைத் தெருவில்தான் நிறுத்துவார். கொல்லையில் வேனுக்கு ஒரு கூரை போடவேண்டும் என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். அவள் சொல்லிக்கொண்டே இருக்கவில்லை. தன் பக்கத்துப் பாதியில் தோண்டி, மூன்று மாத ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு குளம் கட்டிவிட்டாள்.

எட்டடி நீளம், ஆறடி அகலம். உள்ளே ஒட்டியதெல்லாம் இருபது வருடமாகச் சேர்த்த மீதி டைல்ஸ். பெட்ரோல் பங்க் வீட்டு நீலம் நடுவில். ஒரு பல் டாக்டர் வீட்டுப் பச்சை ஓரத்தில். ஒரு பக்கம் மட்டும் கரையிலிருந்து அடிவரைக்கும் மெதுவாகச் சரிந்து இறங்கும். பார்க்கிறவர்கள் எல்லோரும் அந்தச் சரிவைத்தான் புகழ்ந்தார்கள். பிளம்பர் தொட்டுப் பார்த்துவிட்டு, இது மீனுக்கா மகாராணிக்கா என்று கேட்டார். பதினேழு செம்மஞ்சள் கெண்டைகள் விட்டாள். காலையில் வேலைக்குப் போகுமுன் பின்வாசலில் உட்கார்ந்து டீயோடு அதைப் பார்ப்பதுதான் அவளுக்கு அன்றைய சம்பளத்துக்கு முந்தைய சம்பளம்.

இரண்டாவது மாதம் நாரை வந்தது.

சாம்பல் நிறம், இடுப்புயரம், கழுத்தைச் சுருக்கி வைத்துக்கொண்டு யோசனையில் இருப்பது போன்ற முகம். விடிகிற நேரத்தில் வந்து சரிவில் இறங்கி நிற்கும். அசையாது. சிலை என்று நாம் முடிவு கட்டிய நொடியில் கழுத்து பாயும், வாயில் மீன் துள்ளும். அண்ணி சமையலறை ஜன்னலிலிருந்து முதலில் பார்த்துவிட்டு அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தார். வேளைக்கு வருகிறார், நன்றாகச் சாப்பிடுகிறார், ஒரு வார்த்தை பேசாமல் போய்விடுகிறார் என்றார்.

பதினேழு பதிமூன்றானது. அவள் மேலே வலை கட்டினாள். நாரை வலைமேல் ஏறி நின்றது, வலை தொய்ந்து தண்ணீரைத் தொட்டது, கண்ணி வழியாக அலகை விட்டு எடுத்துக்கொண்டது. பழைய சிடிக்களைக் கயிற்றில் தொங்கவிட்டாள். அது ஒரு சிடியில் தன் முகத்தைப் பார்த்துவிட்டு இறங்கியது. பிளம்பர் தன் பங்குக்கு ஒரு கருவியைக் கொண்டுவந்தார். ஆள் அசைந்தால் தானாகத் தண்ணீர் பீய்ச்சும் குழாய் அது. முதல் நாளே அது காய்ந்த துணிகளை எடுக்கப் போன அண்ணியைத் துணியோடு சேர்த்து நனைத்தது. அசையாமல் நிற்பதையே தொழிலாக வைத்திருக்கும் பறவையை அதற்குத் தெரியவேயில்லை.

பதிமூன்று ஒன்பதானபோது அண்ணன் கொல்லைக்கு வந்தார். இடுப்பில் கைவைத்துக் குளத்தைச் சுற்றி நடந்தார். டேப் வைத்து அளக்கவில்லை, ஆனால் கண்ணாலேயே வேனை அங்கே நிறுத்திப் பார்த்துவிட்டார் என்று அவளுக்குப் புரிந்தது.

"மீன் இருந்தாத்தான்மா அது குளம். இல்லைன்னா பள்ளம்" என்றார். "இந்த மாசக் கடைசி வரைக்கும் பாரு. அதுக்கப்புறம் உள்ள மீன் இல்லைன்னா நான் மூடிடுவேன். சரியா?"

கோபத்தில் அவள் வாயிலிருந்து "சரி" என்று வந்துவிட்டது. சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். தன் பாதி நிலத்தில் தான் கட்டியதற்கு எதற்காகச் சரி என்றோம் என்று அன்று முழுக்க ஒவ்வொரு டைல்ஸையும் தேவைக்கு மேல் ஓங்கித் தட்டினாள்.

மறுநாள் அவள் நாரையை விரட்டவில்லை. கதவை ஒரு விரல் திறந்து வைத்து, தரையில் உட்கார்ந்து பார்த்தாள். மூன்று நாள் பார்த்தாள். எல்லோரும் அதன் அலகைப் பார்ப்பார்கள். தரையையே பார்த்துப் பழகிய அவள் அதன் காலைப் பார்த்தாள்.

நாரை எப்போதும் சரிவுப் பக்கம்தான் வந்தது. முதல் அடி ஈரமில்லாத டைல்ஸில். இரண்டாவது அடி விரலளவு தண்ணீரில். மூன்றாவது கணுக்கால் அளவு. ஓர் இடத்திலும் அதன் கால் வழுக்கவில்லை, தடுமாறவில்லை. முட்டியளவுத் தண்ணீரில் வசதியாக நின்று குனிந்தது.

அவளுக்குச் சட்டென்று உறைத்தது. குளியலறை வேலையில் இரண்டே சட்டம். தண்ணீர் ஓடத் தரை வாட்டமாகச் சரியவேண்டும், நனைந்த கால் வழுக்கக்கூடாது. இருபத்திரண்டு வருடம் இந்த இரண்டையும் செய்த கைகள், தண்ணீர் தேங்குவதற்காகவே வெட்டிய குழியிலும், மனிதக் கால் படவே படாத இடத்திலும் அதையே செய்திருந்தன. அழகாகச் சரிய வாட்டம் கொடுத்து, அதன்மேல் வயதானவர்கள் வீட்டுக்குப் போடுகிற சொரசொரப்பான டைல்ஸைத் தேடி எடுத்து ஒட்டியிருந்தாள். யாரும் விழுந்துவிடக்கூடாதே என்று. தலையைக் கேட்காமல் கை செய்த வேலை. அதன் பலன், ஊரிலேயே பாதுகாப்பான குளியலறை ஒரு நாரைக்குக் கிடைத்திருந்தது.

பிளம்பரிடம் சொன்னபோது அவர் சிரித்துச் சிரித்துக் குழாயைப் பிடித்துக்கொண்டார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார். அவளுக்கு வழி தெரிந்துவிட்டிருந்தது, அதுதான் கஷ்டம். சரிவை எடுக்கவேண்டும். நாலு பக்கமும் செங்குத்தாக, மூன்றடி ஆழத்துக்குச் சுவர் இறங்கவேண்டும். நிற்க இடமில்லாத தண்ணீரில் நாரைக்கு வேலையில்லை. ஆனால் எடுக்கவேண்டியது அவள் இதுவரை செய்த வேலைகளிலேயே சிறந்த வேலை. உளியைக் கையில் பிடித்து அவளே உடைக்கவேண்டும்.

அந்த ஞாயிறு, மிச்சமிருந்த ஆறு மீன்களையும் ஒரு வீட்டில் வேண்டாமென்று தூக்கிப்போட்ட குளியல் தொட்டிக்கு மாற்றி, மேலே கம்பிவலையைப் போட்டுக் கல் வைத்தாள். தண்ணீரை இறைத்தாள். உளியை வைத்தாள். முதல் அடிக்குக் கை வரவில்லை. இரண்டாவது தடவை கண்ணை மூடாமல் அடித்தாள். ஒட்டும்போது பொள்ளல் இல்லாமல் ஒட்டியவள் அல்லவா, ஒவ்வொன்றும் கெஞ்சிக் கெஞ்சித்தான் பெயர்ந்தது. தன் வேலையின் தரத்தை அவள் அன்றைக்குத் திட்டியது போல வாழ்நாளில் எதையும் திட்டியதில்லை.

முன்பக்கத்தில் அண்ணன் காதில் சுத்தியல் சத்தம் விழுந்தது. தங்கச்சிக்கு ஒருவழியாகப் புத்தி வந்துவிட்டது, தானே உடைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். மனம் இளகிப்போய், போன் போட்டு, குழியை மூட ஒரு லோடு மணல் வரவழைத்துக் கொல்லையில் கொட்டச் செய்தார். சாயங்காலம் தேற்றுவதற்கு வந்தவர் குழியை எட்டிப் பார்த்தார். குழி குறைந்திருக்கவில்லை. ஒன்றரை அடி கூடியிருந்தது. உள்ளே இடுப்பளவு மறைந்து நின்ற தங்கச்சி, கை நிறைய மணலை அள்ளி விரலிடுக்கில் ஒழுகவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்ல மணல்தான் அண்ணா. கொஞ்சம் தூசி. சலிச்சுக்கிறேன்."

அண்ணி ஜன்னலை மூடிக்கொண்டு உள்ளே போய்ச் சிரித்தார். கொல்லைவரைக்கும் கேட்டது.

சுவர் எழும்பியது. ஆனால் சிமெண்ட் வேலைக்கு அவசரம் ஆகாது. புதுச் சிமெண்டில் ஊறிய தண்ணீர் மீனைக் கொன்றுவிடும். நீர்க்கசிவு தடுக்கும் பூச்சு காயவேண்டும், தண்ணீர் நிரப்பிக் கொட்டவேண்டும், மறுபடி நிரப்பிக் கொட்டவேண்டும். மாதத்தின் கடைசி நாள் வந்தபோது குளம் காலியாகக் காய்ந்துகொண்டிருந்தது. மீன் ஆறும் குளியல் தொட்டியில்.

சொன்ன சொல் தவறாத அண்ணன், சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு நேரே கொல்லைக்கு வந்தார். இந்தத் தடவை கையில் டேப் இருந்தது.

"மாசம் முடிஞ்சுது. குளத்துல மீன் இல்லை. நீ ஒத்துக்கிட்டதுதான்."

"ஒத்துக்கிட்டது என் தப்பு" என்றாள் அவள். கையிலிருந்த கொத்துக்கரண்டியைக் கீழே வைக்கவில்லை. "மீன் இருந்தாலும் குளம் இருக்கும், இல்லைன்னாலும் இருக்கும். இது என் பாதி. நான் உங்ககிட்ட கேக்கல அண்ணா, சொல்றேன்."

"அந்தக் கொக்கு வந்து எல்லாத்தையும் தின்னுட்டா வெறும் தண்ணிய வச்சு என்ன பண்ணுவ?"

"உக்கார்ந்து பாப்பேன்."

அண்ணன் டேப்பை இழுத்தார், அது அளக்க எதுவும் இல்லாமல் தானாகச் சுருண்டு உள்ளே போனது. கொக்கு இல்லை, நாரை என்று ஜன்னலிலிருந்து அண்ணி திருத்தினார். அண்ணன் டேப்பைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனார். அந்த வாரம் முழுக்கத் தங்கச்சியோடு பேச்சில்லை. மணலைத் திருப்பி எடுத்துக்கொள்ளவுமில்லை.

மூன்றாவது தடவை நிரப்பிய தண்ணீரில் அவள் ஆறு மீன்களையும் விட்டாள். மறுநாளே நாரை வந்தது. வழக்கமான பக்கம் நடந்து வந்து, இறங்க ஒரு காலைத் தூக்கியது. கீழே தரையில்லை. காலைத் திரும்ப வைத்துக்கொண்டது. குளத்தை ஒரு சுற்றுச் சுற்றியது, எதிர்த்திசையில் இன்னொரு சுற்று. ஏமாந்த முகம் என்று அதற்குத் தனியாக ஒன்று இல்லாததால் அதே யோசனை முகத்தோடு பறந்துபோனது. கதவுக்குப் பின்னால் அவள் சிரித்த சிரிப்பில் டீயை மேலே கொட்டிக்கொண்டாள்.

மூன்று நாள் அப்படியே. நாலாம் நாள் நாரை கரையோரம் படுப்பது போலத் தாழ்ந்து, கழுத்தை முழுக்க நீட்டி, மேலே வந்த ஒரு மீனைக் கொத்திக்கொண்டு போனது. தெருவுக்குப் போகிற வழியில் வேன் சாவியோடு நின்ற அண்ணன் அதை முழுசாகப் பார்த்துவிட்டார். ஒரு வாரத்துக்குப் பிறகு அவர் வாயைத் திறந்தார்.

"பாத்தியா. போச்சா. இவ்வளவு உடைச்சு என்ன ஆச்சு?"

அவள் எழுந்து கரைக்குப் போனாள். நாரை படுத்த இடத்தில் குந்தி, தன் கையையே கழுத்தாக நீட்டித் தண்ணீர் எவ்வளவு எட்டுகிறது என்று பார்த்தாள்.

"ஒண்ணு போச்சு. அஞ்சு இருக்கு" என்றாள். "தண்ணி ஒரு சாண் கீழ இருக்கணும். கரையை ஒரு வரிசை ஏத்தணும், அவ்வளவுதான்."

"அதுக்கும் அது ஒரு வழி கண்டுபிடிச்சா?"

"இன்னொரு வரிசை ஏத்துவேன்."

அண்ணன் வேனுக்குப் போய்விட்டார். அவள் கலவைச் சட்டியைத் தேடி எடுத்து, மீதமிருந்த மணலைச் சலிக்க உட்கார்ந்தாள். அன்றைக்கு வேலைக்கு அரை மணி நேரம் தாமதமாக வருவேன் என்று பிளம்பருக்குச் சொல்லி அனுப்பினாள்.