வண்டி மாற்றப் போன ஞாயிற்றுக்கிழமை

மகளே, மகனே, இதை மெதுவாகப் படியுங்கள். உங்களுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வரும் என்று தெரியும். எனக்கோ ஹிந்தியிலும் இங்கிலீஷிலும் இவ்வளவு நீளம் எழுத வராது. எட்டாவது வரை படித்தவனின் கையெழுத்து இது. புரியாத இடத்தில் உம்மாவிடம் கேளுங்கள்.

போன மாதம் புது வண்டி வாங்கப் போன அன்று, உங்களுக்கெல்லாம் ஆசை காட்டிவிட்டுக் கடைசி நிமிஷத்தில் நான் ஏன் வேண்டாம் என்றேன், திரும்பி வரும்போது மகளை மட்டும் ஏன் முன் சீட்டில் உட்கார விடாமல் பின்னால் அனுப்பினேன் என்று இரண்டு பேரும் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். அன்றைக்கு என்னால் வாய் திறக்க முடியவில்லை. இப்போது சொல்கிறேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். வண்டி மாற்றும் ஆசை உங்களைவிட எனக்குத்தான் அதிகம்.

நம் வண்டி வந்த கதை உங்களுக்கு அரைகுறையாக ஞாபகம் இருக்கும். நம் தோல் கார்கானாவில் பை தைத்து வாங்கிக்கொண்டிருந்த செம்பூர்க்காரர் ஒருவர் குடும்பத்தோடு வெளிநாடு போனார். அவருடைய பெரிய எலெக்ட்ரிக் காரை எனக்குத்தான் கொடுப்பேன் என்று நின்றார். அவ்வளவு பெரிய வண்டியை நான் கனவிலும் நினைத்தவன் இல்லை. தாராவியில் நம் சந்துக்குள் அதன் ஒரு பக்கக் கண்ணாடிகூட நுழையாது. மாஹிமில் மாத வாடகைக்கு ஓர் இடம் பிடித்து நிறுத்தினோம். முதல் வாரம் முழுக்கச் சொந்தக்காரர்கள் கூட்டம் கூட்டமாக மாஹிமுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். ஒருவர் பானெட்டைத் திறக்கச் சொல்லி, உள்ளே எஞ்சினைக் காணாமல், "ஒம்மள நல்லா ஏமாத்திட்டான் வே" என்று எனக்காக வருத்தப்பட்டார்.

ஆனால் வண்டிக்கு வயதாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை செம்பூரில் சார்ஜ் போடும்போது, நமக்குப் பின்னால் வந்த புது வண்டிகள் எல்லாம் ஏற்றி முடித்துக் கிளம்பிவிடும், நாம் அங்கேயே நிற்போம். முன்னெல்லாம் ஒரே சார்ஜில் புனே போய்த் திரும்பினோம், இப்போது வழியில் நிற்க வேண்டியிருக்கிறது. மேப்பைக் கேட்கவே வேண்டாம். புதிதாகக் கட்டிய பாலம் எதுவும் அதற்குத் தெரியாது. பாலத்தின் மேல் போகும்போது திரையில் நம் வண்டி தண்ணீருக்குள் போய்க்கொண்டிருக்கும். "வாப்பா, நாம மீன் பிடிக்கப் போறோமா?" என்று மகன் ஒவ்வொரு தடவையும் கேட்பான். பழைய மாடலுக்கு இனி எதையும் புதுப்பித்துத் தர முடியாது என்று கம்பெனி சொல்லிவிட்டது. பேட்டரிக்குக் கொடுத்த கேரண்டியும் இந்த வருஷத்தோடு முடிகிறது. அதுதான் எனக்கு உள்ளூரப் பயம்.

அப்போதுதான் ஷோரூமிலிருந்து மெசேஜ் வந்தது. பழையதைக் கொடுத்துப் புதியதை எடுத்துக்கொள்ளலாம், நல்ல விலை தருகிறோம் என்று. அந்த வாரம் கார்கானாவில் நான் வெட்டிய தோலெல்லாம் கோணல். மகன் நோட்டில் இரண்டு வண்டிக்கும் கோடு போட்டு, எது எவ்வளவு தூரம் ஓடும், எது எத்தனை நிமிஷத்தில் ஏறும் என்று எழுதினான். மகள் பெரிய மனுஷி மாதிரி, "எதுனாலும் எடுங்க வாப்பா, வெள்ளை மட்டும் வேணாம்" என்றாள். உம்மா மட்டும், ஓடுகிற வண்டியை எதற்கு மாற்ற வேண்டும் என்று கேட்டுப் பார்த்தாள். கேட்டுக்கொண்டே ஞாயிற்றுக்கிழமைக்கு நல்ல புடவையை எடுத்து வைத்தாள். நான் பெருநாள் சட்டையைப் போட்டுக்கொண்டேன்.

ஓட்டிப் பார்த்தது உங்களுக்குத் தெரியும். ஆனால் ஸ்டியரிங் பிடித்தவனுக்கு எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரியாது. செம்பூரில் ஃப்ரீவே ஏறியதும் விற்பனைக்காரர் பக்கத்தில் இருந்து "அழுத்துங்க சார்" என்றார். அழுத்தினேன். என் வயிறு பின்னால் போய் முதுகில் ஒட்டிக்கொண்டது. சத்தம் இல்லை, குலுக்கல் இல்லை. சுரங்கத்துக்குள் நுழைந்ததும் வண்டிக் கூரையில் விளக்கு நிறம் மாறியது. பின்னாலிருந்து மகன், "ஏக்தம் ஜக்காஸ் வாப்பா, சூப்பர்" என்றான். நான் வாய்விட்டுச் சிரித்தேன். நாற்பத்தாறு வயதில், பெருநாள் சட்டையில், சுரங்கத்துக்குள் சின்னப் பையன் மாதிரி.

"மெதுவா போங்க. வண்டி இன்னும் நம்மளுது இல்ல," என்றாள் உம்மா.

சிக்னலில் நின்றபோது பழக்கதோஷத்தில் சீட்டைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தேன். குனிந்து மோந்தும் பார்த்தேன். அது தோல் இல்லை. விற்பனைக்காரரிடம் கேட்டால், இது தோலைவிட உசத்தி சார், மிருகத்தைத் தொடாமல் செய்தது என்று ஒரு பெரிய பெயர் சொன்னார். நம் சந்தில் அதற்கு ரெக்சின் என்று பெயர். உம்மா பின்னாலிருந்து, "உங்க பொழப்புக்கே வேட்டு வைக்குத வண்டியா பாத்துப் புடிச்சிருக்கிய" என்றாள். அதற்கும் சிரித்தேன். ரெக்சினானாலும் சரி, எனக்கு அந்த வண்டி வேண்டும்.

திரும்பி வந்து நீங்கள் உள்ளே காப்பி குடித்துக்கொண்டு, காட்சிக்கு வைத்திருந்த வண்டியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தீர்கள். நான் பின்பக்கம் நின்றேன். அங்கேதான் நம் பழைய வண்டியைப் பார்த்து விலை சொல்ல ஒரு அம்மா வந்தார்கள். நாற்பது வயது இருக்கும். சட்டைக் கையை மடித்துவிட்டு, வண்டிக்கு அடியில் பாய் விரித்துப் படுத்துப் பார்த்தார்கள். முதலில் ஹிந்தியில் பேசினார்கள். என் ஹிந்தியைக் கேட்டதும் தமிழுக்கு மாறிவிட்டார்கள். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர்களாம். பேட்டரிக்குக் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே சார். வண்டியை நன்னா வெச்சிண்டிருக்கேள். இன்னும் நாள் ஓடும்" என்றார்கள். நான் ஆளே ஒரு அடி உயர்ந்துவிட்டேன்.

உள்ளே ஒவ்வொரு சீட்டாகத் தடவிப் பார்த்தார்கள். டிரைவருக்கு இடது பக்கத்துச் சீட்டைத் தடவிவிட்டு, ஒன்றும் சொல்லாமல் அடுத்ததற்குப் போனார்கள்.

அந்தச் சீட்டு இரண்டு வருஷத்துக்கு முன்னால் என்னால் கிழிந்தது. சாம்பிள் பெட்டியின் பித்தளை மூலை முதுகுப் பக்கத்தில் குத்திவிட்டது. கம்பெனியில் கேட்டால் வெளிநாட்டிலிருந்து உறை வர வேண்டும் என்றார்கள். தோல் வேலைக்காரன் வண்டியில் ஒரு சீட்டுக்கு வெளிநாட்டிலிருந்து உறை வருவதா? ரோஷம் வந்துவிட்டது. உறையைக் கொக்கி கொக்கியாகக் கழற்றி, அதே நிறத்தில் தோல் தேடி, நானே வெட்டி நானே தைத்து மாட்டினேன். யார் பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது.

இப்போது அந்த அம்மாவுக்கும் தெரியவில்லை. பேசாமல் இருந்திருக்கலாம். என்னால் முடியவில்லை.

"மேடம், அந்த சீட் கம்பெனி சீட் இல்ல. நான் தைச்சது," என்றேன்.

"நீங்களே தைச்சேளா? தெரியவே இல்லையே."

"நூலப் பாருங்க. பெரிய சூட்கேஸ் கைப்பிடிக்குப் போடுத நைலான் நூலு. எல்லாப் பக்கமும் ரெட்டைத் தையல். மாடு கட்டி இழுத்தாலும் பிரியாது."

அவர்கள் முகம் மாறியது. திரும்பி வந்து குனிந்து, கதவுப் பக்கம் இருந்த தையலை நகத்தால் மேலிருந்து கீழே வருடினார்கள். இங்கே சின்னதாக ஒரு துணிச்சீட்டு இருந்திருக்குமே என்று கேட்டார்கள். இருந்தது. இங்கிலீஷில் ஒரு சொல் போட்டிருந்தது. கம்பெனி பெயர் என்று நினைத்துக் கத்தரித்துப் போட்டேன். உள்ளே ஏதோ கறுப்பாகப் பெட்டி மாதிரியும் இருந்தது. அதைத் தொடவில்லை. அதைச் சொன்னேன்.

"சார், அதான் ஏர்பேக். பக்கத்துலேர்ந்து எவனாவது வந்து இடிச்சா, கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள அது இந்தத் தையலைக் கிழிச்சிண்டு வெளில வரணும். அதுக்காகத்தான் இந்த ஒரு இடத்துல மட்டும் பிரியற மாதிரி தைக்கறா."

எனக்கு ஞாபகம் வந்தது. பழைய உறையைப் பிரிக்கும்போது அந்த ஒரு தையல் மட்டும் விரலால் இழுத்ததும் பொலபொலவென்று வந்துவிட்டது. இவ்வளவு விலை வாங்கிக்கொண்டு நூலில் மிச்சம் பிடிக்கிறானே என்று கார்கானாவில் எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தேன். என் தொழிலில் தையல் விட்டால் சரக்கு திரும்பி வரும். விடுவதற்கென்றே ஒரு தையல் உண்டு என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

"இப்ப வெளிய வராதா மேடம்?"

"வரலாம், வராமலும் போகலாம். தப்பான பக்கமா வரலாம். இங்க யார் உக்காருவா?"

"எம் மவ," என்றேன்.

மகளே, அது ஏன் என்று உனக்குத் தெரியும். பின் சீட்டில் உட்கார்ந்தால் உனக்குத் தலை சுற்றும், வாந்தி வரும். அதனால் எப்போதும் அந்தச் சீட்டு உனக்குத்தான். புனே போகும் வழியில் மலைப்பாதையில் லாரிகளுக்கு நடுவில் நீ ஜன்னலில் சாய்ந்து தூங்கிக்கொண்டு வருவாய். நான் தைத்த தையலில் தோளை வைத்துக்கொண்டு.

விற்பனைக்காரர் காகிதங்களோடு வந்தார். கையெழுத்துப் போட்டால் புது வண்டி முடிவாகிவிடும். சீட்டு விஷயத்தைச் சொன்னேன். அந்த அம்மா அறிக்கையில் எழுதிவிடுவேன் என்றார்கள். எழுதினால், விற்பதற்கு முன் உறையைக் கட்டாயம் மாற்றிவிடுவார்களா என்று கேட்டேன். "எழுதறது என் வேலை. மாத்தறது அவா கையில" என்றார்கள். உள்ளதைச் சொன்னார்கள். விற்பனைக்காரர் என் தோளில் தட்டி, நீங்க ஏன் சார் கவலைப்படறீங்க, இன்னிக்கிலேர்ந்து அது உங்க வண்டியே இல்லையே என்றார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மகன் புது வண்டியின் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வாயால் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். எனக்கு ஆசை துளியும் குறையவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன். ஆனால் பேனாவை மூடிவிட்டேன். நம் வண்டியை எடுத்துக்கொண்டு போகிற யாரோ ஒருவரின் பிள்ளையும் ஜன்னலில் சாய்ந்துதான் தூங்கும்.

திரும்பி வந்த வழியெல்லாம் மகன் "வாப்பா டர் கயா, வாப்பா பயந்துட்டாங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தான். பின்னால் உட்கார்ந்த மகள் சயான் தாண்டுவதற்குள் வாந்தி எடுத்தாள். தான் என்ன தப்பு செய்தோம் என்று என்னையே பார்த்தாள். வீட்டுக்கு வந்ததும் உம்மாவிடம் சொன்னேன். அவள் மகளுக்கு மோர் கரைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். திரும்பி வந்து, "அவகிட்ட நீங்கதான் சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்" என்றாள்.

மகளே, இதோ சொல்லிவிட்டேன். கெட்டியாகத் தைத்தால் நல்லது என்று நினைத்து உன்னை இரண்டு வருஷம் அங்கே உட்கார வைத்தேன். உன் மேல் ஒரு தப்பும் இல்லை. வாப்பாவை மன்னித்துக்கொள்.

நானே பிரித்து வேறு நூல் போடலாமா என்று அந்த அம்மாவிடம் கேட்டேன். ஊசியோடு கிட்டேயே போகக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார்கள். கம்பெனி உறைக்கு எழுதிப் போட்டோம். அது வந்து சேர மூன்று வாரம் ஆனது. அதுவரை முன் சீட்டில் யாரையும் உட்கார விடவில்லை. நேற்றுக் காலையில் மாட்டினார்கள். கம்ப்யூட்டரில் பார்த்து எல்லாம் சரி என்றார்கள்.

வண்டி மாற்றும் பேச்சு என்ன ஆயிற்று என்றுதானே கேட்கிறீர்கள்? விற்பனைக்காரர் இன்னும் ஃபோன் செய்கிறார். அந்த அம்மா கொடுத்த அறிக்கையை எடுத்து நாலு தடவை படித்தேன். பேட்டரி நன்றாக இருக்கிறது, மோட்டார் நன்றாக இருக்கிறது, பிரேக் நன்றாக இருக்கிறது. குறை என்று சிவப்பு எழுத்தில் ஒரே ஒரு வரி. அந்த வரி நான் செய்தது. அதுவும் இப்போது இல்லை. பிறகு எதற்காக மாற்றுவது? எனக்கு ஆசை இருக்கிறது என்பதற்காகவா? ஆசை இருந்துவிட்டுப் போகட்டும். மகனே, புது வண்டி எது வந்தாலும் ஓட்டிப் பார்க்கப் போவோம். ஓட்டிப் பார்க்கக் காசு கேட்க மாட்டார்கள். மகளே, அடுத்த வருஷம் உனக்குப் பதினெட்டு. இந்த வண்டியில்தான் ஓட்டப் பழகப் போகிறாய். அதை நினைத்தால் சுரங்கத்துக்குள் சிரித்ததைவிட எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. நீ அழுத்தும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து "மெதுவா" என்று கத்துவேன்.

நேற்று செம்பூரிலிருந்து தனியாகத்தான் ஓட்டி வந்தேன். மாஹிமில் நிறுத்திவிட்டு இறங்கி, சுற்றிப் போய், இடது பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தேன். இத்தனை வருஷத்தில் அந்தச் சீட்டில் நான் உட்கார்ந்ததே இல்லை. பெல்ட்டைப் போட்டுக்கொண்டேன். சீட்டு வெகுவாகப் பின்னால் தள்ளியிருந்தது. காலை நீட்டினால் முன்னால் எட்டவில்லை. நீ என்னைவிட உயரமாகிவிட்டாய் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பொத்தானை அழுத்திச் சீட்டை எனக்கு வாகாக முன்னால் கொண்டுவந்தேன். கொஞ்ச நேரம் இருந்தேன். இறங்குவதற்கு முன், அதை மறுபடியும் உன் அளவுக்கே பின்னால் தள்ளி வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினேன்.